கிருமிக்கு ஏது பாவ புண்ணியம்?

எச்.ஐ.வி. இருக்கின்றதென்று ஆஸ்பத்திரியில் சொல்லக் கேட்ட ஒரு மனிதன், "இதற்கு மருந்து உண்டா?" என்று கேட்பதற்கு முன்னால், "நான் என்ன பாவம் செய்தேன்?" என்றுதான் கேட்கின்றான். கொசு கடித்து மலேரியா வந்தவன் இப்படிக் கேட்கின்றானா? அப்படியானால் இந்தக் கேள்வி கிருமியோடு வந்ததல்ல. அவன் பிறந்தது முதல் தலைவிதி, கர்மபலன், சாமி குத்தம் என்று அவன் காதில் ஓதி வந்தவர்கள் கொடுத்த சீதனமேயாகும்.

அவனுக்குப் பயமே வரக் கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. சோறு இறங்காது, தூக்கம் வராது, அழுகை வரும், யார் மேலென்று தெரியாத கோபம் வரும், செத்துப் போகலாமா என்றுகூடத் தோன்றும். இது மனித சுபாவம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்த நாட்களில் அவன் தனியாய்க் கிடக்கக் கூடாது என்பதே நமது கவலை.

நமது கொங்குச் சீமையிலேயே இதற்கு அத்தாட்சி இருக்கின்றது. நாமக்கல் பக்கத்தைச் சேர்ந்த பி. கௌசல்யா அவர்கள் 1995-ல் கலியாணமாகிக் கொஞ்ச காலத்துக்குள், லாரி ஓட்டிய கணவன் மூலம் இக்கிருமி தமக்கு வந்திருப்பதை அறிந்தார். இப்படி எத்தனை வீடுகளில், புருஷன் கொண்டுவந்த நோய்க்கு, "மருமவ வந்த நேரமுங்க" என்று பெண்ணின் தலையிலேயே பழி போடுகின்றார்கள்! ஆனால் அந்த அம்மையார் மூலையில் முடங்கவில்லை. பெயரையும் முகத்தையும் ஊரறியச் சொல்லி, இதே நிலையிலிருந்த சில பெண்களோடு சேர்ந்து 1998-ல் சென்னையில் பாசிட்டிவ் விமன் நெட்வொர்க் என்னும் சங்கத்தை ஆரம்பித்தார். அப்பொழுது சர்க்கார் ஆஸ்பத்திரியில் இலவசக் கூட்டு மருந்துகூடக் கிடையாது. அது 2004-ல்தான் வந்தது.

இன்றோ நிலைமை வேறு. கோயமுத்தூர், நாமக்கல் சர்க்கார் ஆஸ்பத்திரிகளிலேயே ஏ.ஆர்.டி. மையங்கள் இருக்கின்றன. மாத்திரை இலவசம். கிருமியை அடியோடு ஒழிக்காது. ஆயுள் முழுவதும் தினந்தோறும் சாப்பிட வேண்டும். சாப்பிட்டால், இரத்தத்தில் சோதனைக்கே அகப்படாத அளவுக்குக் கிருமி அடங்கிவிடும். அடங்கியபடியே இருந்தால் உடலுறவு மூலம் பிறருக்குப் பரவுவதில்லை. தாய் மருந்தை ஒழுங்காய்ச் சாப்பிட்டு வந்தால், குழந்தைக்குத் தொற்றும் அபாயத்தை நூற்றுக்கு 5-க்கும் கீழே கொண்டுவரலாம். எந்தப் பரிகாரம் இதைச் செய்தது? "பூரண குணம்" என்று விளம்பரம் செய்து காசு பறிப்பவர்களில் எவன் இதைச் செய்தான்?

யாரிடம் சொல்லுவது என்பது அடுத்த சங்கடம். ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. கணவனோ மனைவியோ அறிந்து சோதனை செய்துகொள்ள வேண்டியது நியாயம். எப்படிச் சொல்லுவதென்று தெரியாவிட்டால் ஆலோசகரின் துணையைக் கேட்கலாம். மற்றபடி நம்பத்தக்க ஒருவர் போதும். சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் நம்பிக்கை மையம் என்றே ஒன்று இருக்கின்றது. (நம்பிக்கை என்ற சொல்லோடு நமக்கு நெடுநாள் வழக்குண்டு; ஆனால் இரத்தத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டுப் பேசும் இந்த நம்பிக்கையோடு நமக்குத் தகராறில்லை!) அங்கே ஆலோசகர் உட்கார்ந்து பேசுவார். நேரில் போகக் கூசுகிறவர்கள் 1097 என்ற எண்ணுக்குக் காசின்றி டெலிபோன் செய்யலாம். இதே நோயோடு பல வருஷம் வாழ்ந்தவர் ஒருவரை ஒரு மணி நேரம் பார்த்துப் பேசுவது, உற்றார் சொல்லும் ஆறுதலைவிடப் பெரிது.

2017-ல் செய்து 2018 செப்டம்பரில் அமுலுக்கு வந்த சட்டம், சம்மதமின்றிச் சோதிப்பதையும், சங்கதியை வெளியிடுவதையும், இதற்காக வேலையிலிருந்தோ பள்ளியிலிருந்தோ தள்ளுவதையும் தடுக்கின்றது. ஆனால் வீட்டுத் திண்ணையில் சட்டம் என்ன செய்யும்? அங்கே தனித் தட்டும் தனி டம்ளரும் வந்துவிடுகின்றன. இந்த டம்ளர் நமக்குப் புதிதா? டீக்கடையில் ஜாதிக்கொரு டம்ளர் வைத்துப் பழகிய கைகள்தானே இதையும் எடுத்து வைக்கின்றன! எச்சிலிலும் தட்டிலும் டம்ளரிலும் இக்கிருமி பரவுவதில்லை என்று வைத்தியர்கள் சொல்லிப் பல வருஷங்களாகிவிட்டன.

ஆகவே நமது தோழர்களைக் கேட்டுக்கொள்ளுவது ஒன்றே. உங்கள் தெருவில் அப்படியொருவர் இருந்து, அது அவராகவே உங்களிடம் சொன்ன சங்கதியாயிருந்தால், அவர் வீட்டுக்குப் போங்கள். அவர்கள் குடிக்கும் டம்ளரிலேயே காப்பியை வாங்கிக் குடியுங்கள். மாதாமாதம் மாத்திரை வாங்க அவர் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில், வேண்டுமானால் கூடப் போய் வாருங்கள்.