புத்தளம் உலை: முதலில் அளவீட்டைக் கேட்போம்

அபாயகரமான தொழிற்சாலைக் கழிவுகளை அழிக்கும் தொழில் வளர வளர, அதன் பாரம் புத்தளத்தின் தலையில் விழுகிறது. ஹொல்சிம் லங்காவை 2016இல் தாய்லாந்தின் சியாம் சிட்டி சீமெந்து நிறுவனம் வாங்கியது. அதன் 'இன்சி ஈகோசைக்கிள்' பிரிவு, பல தொழிற்சாலைகளின் கழிவுகளைப் பொறுப்பேற்றுப் புத்தளம் சீமெந்து உலையில் எரிக்கிறது.

1,400 பாகை செல்சியஸைத் தாண்டும் வெப்பத்தில் கழிவு எண்ணெயும் பூச்சிகொல்லியும் சிதைந்துவிடும். கண்ட இடத்தில் கொட்டுவதைவிட இது மேல். ஆனால் பாதரசம் எரிந்து அழியாது. ஆவியாகிப் புகைபோக்கி வழியே வெளியேறலாம்.

நுரைச்சோலை அனல்மின் நிலையத்தையும் அருவாக்காட்டுக் குப்பையையும் ஏற்கெனவே சுமக்கும் மாவட்டம் இது. ஆகவே புகைபோக்கி அளவீடுகள் மக்களுக்குத் தெரிய வேண்டும். 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஊர்ச் சங்கங்களும் மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கு அந்த விண்ணப்பத்தை எழுதட்டும்.