மாட்டுக்கொட்டகைக்குப் போகும் பழைய ஒயர்

பைக்காரா மின்சாரம் 1930-களில் கோயம்புத்தூர் ஜில்லாக் கிணறுகளை எட்டியது முதல், மின்சாரம் குடியானவர்க்கு உற்ற துணையாக இருந்து வருகிறது. ஆயினும் வீட்டிணைப்பில் காட்டும் ஜாக்கிரதையை மாட்டுக்கொட்டகை, வைக்கோற்கொட்டகை முதலியவற்றில் பலர் காட்டுவதில்லை. வீட்டிற் கழித்த ஒயரே அங்கு போகிறது, வேப்பங்கிளையே கம்பமாகிறது, முறுக்கிச் சுற்றிய ஒட்டுகளே இணைப்பாகின்றன. இது சிக்கனமன்று; கறவையையும் பிள்ளைகளையும் பணயம் வைப்பதாகும்.

"பியூஸ் இருக்கிறதே, பயமென்ன?" என்பார் சிலர். பியூஸ் ஒயரைக் காக்குமேயன்றி உயிரைக் காவாது. நனைந்த உடலில் 230 வோல்ட் பட்டால் பாய்வது ஏறக்குறைய கால் ஆம்பியரே. ஓர் ஆளைக் கொல்ல அது போதும்; 15 ஆம்பியர் பியூஸோ அதனால் சூடுகூட ஏறாது.

எர்த் குழி இருக்கிறதென்று நம்பியிருப்பதும் போதாது. காய்ந்து போன பழைய குழியின் தடை 20 ஓம் என்று வைத்துக்கொண்டால், கசிவின்போது அதன் வழியே 11.5 ஆம்பியருக்கு மேல் போகாது. அப்போதும் பியூஸ் உருகாது. கொட்டகையின் இரும்புத்தூணில் மின்சாரம் நின்றுகொண்டேயிருக்கும்.

கொட்டகையின் நிலைமை வீட்டைவிடக் கொடியது. கோமியமும் சாணமும் தரையை எந்நேரமும் ஈரமாக வைத்திருக்கின்றன. அவற்றின் ஆவி செம்பையும் இரும்பையும் அரிக்கிறது. எலி ஒயரின் உறையைக் கடிக்கிறது. மாடோ வெறுங்குளம்புடன் ஈரத்தில் நிற்கிறது. அதன் முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைவெளி அதிகமாதலால், தரையிற் பரவும் மின்சாரம் மார்பின் வழியே பாயும். மனிதனைச் சுரீரென்று தாக்கி விடுவது மாட்டைக் கொன்றுவிடக்கூடும்.

ஆதலால் முதற்செலவு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கருவிக்கே ஆகவேண்டும். போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் ஒவ்வாதபோது அது நொடியில் இணைப்பைத் துண்டிக்கும். கொட்டகையில் வைத்தால் இடையிலுள்ள ஒயருக்குக் காவல் இராது. ஆகையால் ஒயர் புறப்படும் இடத்திலேயே, வீட்டில், வைக்கவேண்டும். ஆயினும் இரு ஒயர்களையும் ஒருசேரத் தொட்டவனை அது காவாது. அதிக மின்னோட்டத்தையும் தடுக்காது. எனவே பியூஸும் எர்த்தும் உடனிருத்தல் அவசியம்.

மழைநாளில் அக்கருவி அடிக்கடி விழுந்தால், அதைக் கழற்றி நேர் இணைப்புக் கொடுக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அது காவல்நாயைக் கட்டிப்போட்டுத் திருடனை அழைப்பதாகும். குற்றம் கருவியினதன்று, கசியும் ஒயரினதே. அந்நாளிலேயே பழைய ஒயரை முழுவதும் நீக்கி, எர்த் கம்பியும் சேர்ந்த இரும்புக் கவசக் கேபிளை 75 சென்டிமீட்டர் ஆழத்தில் புதைத்தல் வேண்டும். எர்த்துக்கு 2.5 மீட்டர் இரும்புக் குழாயை இறக்கிக் கோடையில் நீர் ஊற்றி வரவேண்டும். சுவிட்சும் விளக்கும் மாட்டுக்கு எட்டாத உயரத்தில், நீர் புகாத மூடியுடன் இருக்கட்டும். இவ்வேலைகளை லைசென்சு பெற்ற ஒயர்மேனே செய்யவேண்டும்.

கருவியின் விலையைக் கேட்டுத் தயங்குவோர், ஒரு கறவையின் விலையோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கட்டும். கிராம அதிகாரிகளும் மரத்திற் கட்டிய ஒயரைக் கண்டவிடத்து, மழை தொடங்குமுன் உரியவர்க்கு எடுத்துச் சொல்லல் கடமை. மாதந்தோறும் முதல் நாளில் கருவியின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்ப்பது ஒரு நிமிஷ வேலையே. அப்போது அது விழாவிடில் அன்றே மாற்றிவிட வேண்டும்.