குப்பைமேடு யாருடைய மரபு?

கொடுங்கையூர்க் குப்பைமேட்டைத் தோண்டி எடுக்கிறார்கள். எடுக்கட்டும். முப்பது நாற்பது வருசமா நம்ம சனங்க மூக்கைப் பொத்திக்கிட்டு வாழ்ந்த இடம் அது. எடுக்க வேண்டாம்னு நாம சொல்லல. எடுத்த பிறகு அந்த மண்ணு யாருக்குன்னுதான் கேக்குறோம்.

252 ஏக்கரில் குவிந்த 66 லட்சம் டன் குப்பையை அகற்ற சுமார் 640 கோடி ரூபாய்த் திட்டம். தெற்கே, பள்ளிக்கரணைச் சதுப்பை விழுங்கிய 225 ஏக்கர் பெருங்குடி மேட்டுக்கு சுமார் 350 கோடி. மேட்டை வெட்டிப் புரட்டி, நுண்ணுயிர்க் கரைசல் தெளித்து, காயவைத்து, சுழலும் சல்லடையில் போட்டுப் பிரிக்கிறார்கள். மண் ஒரு பக்கம், கல் ஒரு பக்கம், இரும்பு ஒரு பக்கம். எரியக்கூடிய பிளாஸ்டிக்கும் துணியும் சிமெண்ட் ஆலைக்கு. இதற்கு ‘பயோமைனிங்’ என்று பேர்.

இதே வேலையைத்தான் கோணியும் கம்பியுமாக நம் பெண்களும் பிள்ளைகளும் அந்த மேட்டில் செய்தார்கள். இரும்பு தனி, பிளாஸ்டிக் தனியென்று பிரித்துக் காயலாங்கடையில் போட்டார்கள். அதுக்குப் பேரு பொறுக்குறது. மெஷின் செஞ்சா விஞ்ஞானம், கோடிக்கணக்குல காண்ட்ராக்ட். நம்ம கை செஞ்சா இழிவு! குப்பை பொறுக்குவோரை அங்கீகரித்துச் சேர்த்துக்கொள்ளச் சொன்னது 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதி. அள்ளிய குப்பைக்கு டன் கணக்கு இருக்கிறது. பிழைப்புப் போனவர்களுக்குத் தலைக்கணக்கு எங்கே?

அதிகாரிகள் பாஷையில் இது ‘லெகசி வேஸ்ட்’. அதாவது மரபுக் கழிவு. யாருடைய மரபு? ஊருக்கு வெளியே சேரி, சேரியை ஒட்டிச் சுடுகாடு, குப்பைமேடு. கிராமத்தில் சாதி போட்ட இந்த வரைபடத்தை நகரம் அழிக்கவில்லை, பெரிதாக்கியிருக்கிறது. கொடுங்கையூர் மேட்டை ஒட்டிய குடியிருப்பின் பெயர் எழில் நகர்! பெருங்குடிக்கு அந்தப் பக்கம் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். 2000ஆம் ஆண்டு முதல் நகரத்தின் நடுவிலிருந்து பெயர்த்தெடுத்த குடிசை மக்களை, பெரும்பாலும் தலித்துகளை, கொண்டுபோய் இறக்கிய இடங்கள். குப்பை லாரி போன திசையிலேயே சனங்களை ஏற்றிய லாரியும் போனது.

“எல்லார் வீட்டுக் குப்பையும்தானே கெடக்கு, இதுல சாதி எங்க வந்துச்சு?” என்று முற்போக்கு நண்பர்கள் கேட்கிறார்கள். எல்லார் வீட்டிலிருந்தும் வந்தது, சரிதான். எல்லார் வீட்டுப் பக்கமும் போச்சா? 2022 ஏப்ரலில் பெருங்குடி மேடு நாள்கணக்கில் எரிந்தபோது புகையைக் குடித்தது யார்? மேட்டிலிருந்து கசியும் கருந்தண்ணீர் இறங்குவது யார் கிணற்றில்?

மேடு போனாலும் விடுகிறார்களா? கொடுங்கையூரில் தினமும் 2,100 டன் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் உலைக்கு மாநகராட்சி திட்டம் போட்டது. 2025 மே மாதம் வடசென்னை மக்கள் மனிதச் சங்கிலியாக நின்று எதிர்த்தார்கள். மணலிப் புகையும் எண்ணூர்ச் சாம்பலும் போதாதா? மேடு இருந்த இடத்தில் உலை வந்தால், தரையில் கிடந்த குப்பை காற்றில் ஏறியதுதான் மிச்சம்.

நாம் கேட்பது இதுதான். மண்ணையும் நிலத்தடி நீரையும் சோதித்து, முடிவைத் தமிழில், தெருவில் ஒட்டு. பிழைப்பு இழந்தவர்களைக் கணக்கெடு. திரும்பவும் குப்பையிலேயே எங்களைக் கட்டிப்போடாதே. விரும்புகிறவருக்கு நிரந்தர வேலை, மற்றவருக்கு வேறு தொழில், பிள்ளைகளுக்குப் படிப்பு கொடு. சதுப்பு சதுப்பாகவே திரும்பட்டும். கொடுங்கையூர் நிலத்தில் என்ன வர வேண்டும் என்பதை மேட்டடியில் வாழ்ந்தவர்கள் சொல்லட்டும்.

மாணவத் தோழர்களே, ஒருமுறை எழில் நகருக்குப் போய் அந்த மக்களோடு பேசிவிட்டு வாருங்கள். பிறகு உங்கள் வார்டிலே ஒன்றைக் கேளுங்கள்: அடையாற்றுக் குப்பை அடையாற்றிலேயே, அண்ணாநகர்க் குப்பை அண்ணாநகரிலேயே மக்கினால் என்ன? அதற்கு வரும் பதிலில் நாற்றம் அடிக்கும். அதுதான் இன்னும் தோண்டப்படாத மேடு.