கலைஞனும் காசும்

கலைஞன் காசைப் பற்றிப் பேசினால் சில ரசிக சிகாமணிகளுக்கு முகம் சுருங்கிவிடுகிறது. அப்படியானால் வில்லியம் ஹோகார்த்தை என்ன செய்யப் போகிறார்கள்?

பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் சித்திரம் தீட்டியவர். அதையே செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டு விற்றவர். தகப்பனார் லத்தீன் பாடப் புத்தகம் எழுதிய பள்ளி ஆசிரியர். கடன்பட்டுச் சிறைக்குப் போனார். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை ஹோகார்த்.

கிராமத்துப் பெண்ணொருத்தி லண்டனுக்கு வந்து சீரழியும் கதையை 1732-ல் ஆறு படங்களாக வெளியிட்டார். ஜனங்கள் ஆவலோடு வாங்கினார்கள். உடனே போலிகளும் கிளம்பிவிட்டன. உழைத்தவன் ஒருவன், கல்லாவில் உட்கார்ந்தவன் இன்னொருவன்!

கலைக்கு அர்ப்பணம் என்று அவர் கைகட்டி நிற்கவில்லை. சக கலைஞர்களைச் சேர்த்துக்கொண்டு பார்லிமெண்டின் கதவைத் தட்டினார். 1735-ல் சட்டம் வந்தது: படைத்தவனுக்கே 14 ஆண்டு உரிமை. எட்டுப் படங்கள் கொண்ட அடுத்த தொடரை, சட்டம் அமலுக்கு வரும்வரை வெளியிடாமல் காத்திருந்தார். இதையும் பேராசை என்பார்கள்.

அந்தப் பேராசைக்காரர்தான் 1751-ல் ஜின் சாராயத்தின் கோரத்தைக் காட்டும் படத்தை, சாதாரண ஜனங்களும் வாங்கட்டுமென்று ஒரு ஷில்லிங்குக்கு விற்றார். (பரம ஏழைக்கு அதுவும் பெரிய தொகைதான், ஒப்புக்கொள்கிறேன்.)

1764-ல் அவர் காலமானார். 1767-ல் மனைவி ஜேனுக்கு அந்தப் படங்களின் உரிமையை 20 ஆண்டுகளுக்குப் பார்லிமெண்ட் வழங்கியது. முகம் சுளிப்பவர்கள் அந்த அம்மாளிடம் போய்த்தான் தங்கள் தத்துவத்தைச் சொல்லியிருக்க வேண்டும்.