கனி யாருக்கு?

கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டு, தாம்பரத்திற்குக் கிழக்கே பெரும்பாக்கத்திலும் செம்மஞ்சேரியிலும் குடியமர்த்தப்பட்டோரில் பெரும்பகுதியினர் தலித்துகள். அந்த அடுக்குமாடிகளுக்கிடையே பொதுப் பழத்தோட்டம் அமைத்து, பராமரிப்பை இளைஞரிடம் ஒப்படைக்கும் யோசனையை நாம் வரவேற்கிறோம். ஆனால் நடுவிழாக்களில் நம் பிள்ளைகள் குழி தோண்டவும் நீரூற்றவும் அழைக்கப்படுகிறார்களேயன்றி, காய்த்தபின் பறிப்பவர் யார் என்பதை எவரும் பேசுவதில்லை.

புறம்போக்கு மரங்களின் பலனை அனுபவிக்க 2சி பட்டா வழங்கும் முறை வருவாய்த் துறையில் நெடுங்காலமாக உண்டு. நிலம் அரசுடையது, கனி பட்டாதாரருடையது. இதையொத்த உரிமையை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் குடியிருப்பின் இளைஞர் குழுவுக்கு எழுத்தில் தர வேண்டும்.

எழுத்து மட்டும் காக்காது என்பதையும் இம்மாவட்டமே அறியும். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள், பிறருக்கு விற்கத் தடை இருந்தும் கைமாறின. காரணை நிலமீட்புப் போராட்டத்தில் 1994இல் ஜான் தாமஸும் ஏழுமலையும் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தனர். ஆகவே, மரங்களின் பதிவேடும் விளைச்சல் கணக்கும் அங்கு வாழும் இளைஞர் கையிலேயே இருக்கட்டும். குழுவில் பெண்கள் சரிபாதி இடம்பெறட்டும்.