மூளைக்குள் இருப்பது பேயா?

ஒருவனுக்குக் காலில் புண் வந்து, வீங்கிச் சிவந்தால், அவனைப் பேய் பிடித்தவன் என்று யாரும் சொல்லுவதில்லை. புண் கண்ணுக்குத் தெரிகிறது, தொட்டால் சுடுகிறது, ஆகவே வைத்தியரிடம் போகிறார்கள். அதே அழற்சி மண்டை ஓட்டுக்குள் உண்டாகி, அவன் பிதற்றவும், கைகால் வெட்டி இழுக்கவும், இல்லாததைக் கண்டதாகச் சொல்லவும் ஆரம்பித்துவிட்டாலோ, உடனே வேப்பிலையும் உடுக்கையும் வந்துவிடுகின்றன. ஏன் இந்த வித்தியாசம்? மூளை கண்ணுக்குத் தெரியாது என்பதுதான். கண் போகாத இடமெல்லாம் பேய்க்கும் பூசாரிக்கும் இனாமாக விட்ட நிலமாய் இருந்து வந்திருக்கிறது.

அந்த இனாம் நிலத்திற்குள் விஞ்ஞானம் விளக்கோடு நுழைந்திருக்கிறது. அது எப்படியென்பதைத் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூளையில் மைக்ரோகிளியா என்ற சிறு உயிரணுக்கள் காவற்காரரைப் போல் இருக்கின்றன. இவற்றைத் தனி இனமென்று 1919-ல் பிரித்துக் காட்டியவர் ஸ்பெயின் தேசத்து டெல் ரியோ ஹோர்டேகா என்பவர். மூளைக்குக் கேடு வந்தால் இவை உருமாறி அவ்விடத்தில் கூடும். இவற்றினுள் டி.எஸ்.பி.ஓ. என்றொரு புரதம் உண்டு. அதில் போய் ஒட்டிக்கொள்ளக்கூடிய ஒரு மருந்தில், கதிர் வீசும் கார்பன் அணுவைச் சேர்த்து, மிகச் சிறு அளவில் கையின் இரத்தக் குழாய் வழியே ஏற்றுகிறார்கள். அந்தக் கார்பன் 20 நிமிஷத்துக்கு ஒருமுறை பாதி பாதியாகக் குறைந்துபோகும். ஆதலால் அதைச் செய்யும் இயந்திரம் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். மருந்து தங்கிய இடத்திலிருந்து இரண்டிரண்டு கதிர்கள் எதிரெதிர்த் திசையில் புறப்படும். தலையைச் சுற்றியுள்ள வளையம் அவற்றைப் பிடித்துக் கணக்கிட்டுப் படமாக்கும். இதற்குப் பெட் ஸ்கேன் என்று பெயர். மண்டையைத் திறக்கவில்லை, மந்திரமும் ஓதவில்லை.

லண்டன் ஹாமர்ஸ்மித் ஆஸ்பத்திரி ஆராய்ச்சியாளர்கள் 2001-ல், அல்ஸைமர் என்னும் மறதி நோய் கண்டவர்களின் மூளையை இவ்விதம் படமெடுத்து வெளியிட்டார்கள். அதே 2001-ல், ஆகஸ்டு 6-ந் தேதி, நமது ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் நடந்ததென்ன? தர்க்காவை நம்பிக் கொண்டுவந்து விடப்பட்ட மனநோயாளிகள், விடுதிக் கொட்டகையில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தபடியே தீயில் வெந்தார்கள். 28 பேர் மாண்டார்கள். அவர்களுக்கு இருந்தது இன்ன நோய் என்று நாம் சொல்ல வரவில்லை. வைத்தியர் கையில் ஒப்படைக்க வேண்டியவர்களைச் சங்கிலியின் கையில் ஒப்படைத்தார்களே என்பதுதான் நமது குற்றச்சாட்டு. இந்த மூடத்தனம் ஒரு மதத்துக்கு மாத்திரம் சொந்தமல்ல. கோவிலிலும் உண்டு, தர்க்காவிலும் உண்டு, ஜெபக் கூட்டத்திலும் உண்டு.

"அப்படியானால் நீங்கள் சாமியை விட்டுவிட்டு இயந்திரத்தைக் கும்பிடுகிறீர்களோ?" என்று வைதீகத் தோழர்கள் கேட்கலாம். இல்லை. அந்த இயந்திரத்தை ஆளுகிறவர்களே அதைக் கும்பிடுவதில்லை என்பதைச் சொல்லுகிறோம், கேளுங்கள்.

முதல் மருந்தைவிட மேலானதென்று பி.பி.ஆர்.28 என்ற மருந்தைச் செய்தார்கள். சிலருடைய மூளையில் அது ஒட்டவேயில்லை. நமது பூசாரியாயிருந்தால் "உனக்குப் பக்தி போதாது" என்று சொல்லி இன்னொரு ஆட்டுக்கிடா கேட்டிருப்பார். அவர்களோ காரணத்தைத் தேடினார்கள். அந்தப் புரதத்தில் பிறவியிலேயே ஒரு சிறு மாறுதல் உள்ளவர்களிடம் மருந்து சரியாக ஒட்டாது என்பதை 2012-ல் விளக்கி, முதலில் அதைச் சோதித்தறிந்த பிறகே படத்தை நம்பவேண்டும் என்றார்கள். பிறகு 2023-ல் இன்னொரு தடையையும் தாங்களே வெளியிட்டார்கள். எலியின் மூளையில் காவலணுக்கள் கிளர்ச்சி கொண்டால் அந்தப் புரதம் பெருகுகிறது. மனிதனுடைய நோயில் அப்படிப் பெருகுவதாகக் காணவில்லை. ஆகவே மனித மூளைப் படம் அந்த அணுக்களின் கோபத்தைக் காட்டாமல், எண்ணிக்கையை மாத்திரம் காட்டக்கூடும் என்றார்கள். இத்தனை வருஷ உழைப்பைப் பற்றித் தாங்களே இப்படிச் சொன்னார்கள்! எந்தப் பூசாரியாவது "என் வேப்பிலை எலிக்குப் பலித்தது, மனிதனுக்குப் பலிக்கவில்லை" என்று ஒப்புக்கொண்டதுண்டா?

நிற்க, இந்தப் படம் இன்னும் பெரும்பாலும் ஆராய்ச்சிச் சாலையின் சொத்துதான். இதைக் காட்டி எந்த நோயையும் கண்டுபிடித்துவிடுவதாகச் சொல்லிப் பணம் பிடுங்க எவராவது வந்தால் அவரையும் கேள்வி கேளுங்கள். ஆனால் நோயாளிக்கு உதவ வேறு வழிகள் கைவசம் இருக்கின்றன. தன் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தன் மூளையைத் தாக்கும் ஒரு நோயை 2007-ல் அமெரிக்காவில் டால்மாவ் என்ற வைத்தியரும் அவர் கூட்டத்தாரும் விளக்கினார்கள். பெரும்பாலும் இளம் பெண்களுக்கு வருவது. நேற்றுவரை நன்றாயிருந்த பெண் இன்று கத்துவாள், வெறிப்பாள், விறைப்பாள். பேய் என்பதற்கு நம் ஊரில் வேறு சாட்சியே வேண்டாம். முதுகுத்தண்டு நீரையும் இரத்தத்தையும் சோதித்தால் இது தெரிகிறது. காலத்தில் வைத்தியம் செய்தால் பெரும்பாலோர் தேறுகிறார்கள். அந்தக் காலத்தைத்தான் மந்திரவாதி வீட்டு வாசலில் நாம் இழக்கிறோம்.

மனநோயாளியைச் சங்கிலியில் கட்டலாகாதென்று 2017-ம் வருஷச் சட்டமே சொல்லுகிறது. சட்டம் நம் வீட்டுத் திண்ணைக்கு வந்து சங்கிலியை அவிழ்க்காது. ஆகவே தோழர்களே, உங்கள் தெருவில் ஒரு பெண் திடீரென்று பிதற்றினால், உடுக்கைச் சத்தம் கேட்கும் முன்பே வண்டி பிடித்து அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேருங்கள். பேய் உண்டா இல்லையா என்ற விவாதத்தை அவள் பிழைத்து வந்த பிறகு, அவளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே நடத்தலாம்.