பட்டத்துக்கு முன் உள்ள கடைசிப் படி

சில மாதங்களுக்கு முன் முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து ஒரு தகப்பனார் எங்களைத் தேடிப் பிலிமத்தலாவைக்கு வந்தார். இரவு முழுவதும் பஸ்ஸில் இருந்து, விடியக் கண்டியில் இறங்கி, கொழும்பு வீதியால் திரும்பவும் ஒரு பஸ் ஏறி வந்திருந்தார். தேநீரைக் குடித்து முடித்தபின் ஒன்றுதான் கேட்டார். "ஐயா, பிள்ளை நாலு வருசமும் படிச்சு முடிச்சிட்டான். பட்டம் மட்டும் குடுக்கமாட்டினமாம். அவன் என்ன பிழை விட்டவன்?"

மகனுக்கு 2009 இல் எட்டு வயது. ஷெல் துண்டு பட்டு வலக்கை மணிக்கட்டோடு போய்விட்டது. முகாமில் இருந்த காலத்தில்தான் இடக்கையால் எழுதப் பழகினான். உயர்தரப் பரீட்சைக்கு விண்ணப்பித்தபோது மேலதிக நேரம் கிடைத்தது. பல்கலைக்கழகம் போனான், பாடங்கள் எல்லாவற்றிலும் சித்தி. ஆனால் அங்கே பட்டம் பெறுவதற்கு ஒரு கணினிச் செயன்முறைப் பரீட்சையும் கட்டாயம். அதன் புள்ளி பட்டத்தோடு சேராது. அதில் தவறினால் பட்டமே இல்லை. ஒரு மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும். இரண்டு முறை எழுதினான். செய்த பகுதியில் பிழையில்லை, மிச்சத்துக்கு நேரம் போதவில்லை. மேலதிக நேரம் கேட்டதற்கு, அப்படி ஒரு விதி இல்லையென்று வாய்ச்சொல்லாகப் பதில் வந்தது. குத்தகைக் காணியில் மிளகாய் வைத்துப் படிப்பித்த தகப்பனுக்கு அந்தப் பதில் விளங்கவில்லை. எங்களுக்கும் விளங்கவில்லை.

பல்கலைக்கழகத்தின் பெயரை நாம் இங்கே எழுதவில்லை. ஓர் இடத்தைக் குற்றஞ்சாட்டிவிட்டு ஓய்ந்து போவதற்கு இது ஓர் இடத்தின் கதையல்ல.

வலுவிழந்த ஆட்களின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கு நம் நாட்டில் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. வலுவிழப்பைக் காரணம் காட்டி எவரையும் கல்வி நிறுவனத்தில் அனுமதிக்க மறுக்கக்கூடாது என்று அது சொல்கிறது. நல்லது. ஆனால் அது பேசுவது வாசலைப் பற்றி. உள்ளே போன பிள்ளை எப்படிப் பரீட்சை எழுதும், எப்படி வெளிக்களப் பயிற்சிக்குப் போகும், எப்படிப் பட்டத்தோடு வெளியே வரும் என்பது பற்றி அதில் விளக்கமில்லை.

வாசலுங்கூட இலேசில் திறக்கவில்லை. 1992 இல் ஓடிக்கொண்டிருந்த காரின்மேல் மரம் விழுந்து இடுப்புக்குக் கீழ் இயக்கம் இழந்தவர் அஜித் பெரேரா. சக்கர நாற்காலியில் இருந்தபடியே அவர் உயர் நீதிமன்றம் போனார். புதிதாகக் கட்டப்படும் பொதுக் கட்டடங்கள் வலுவிழந்தோரும் நுழையத்தக்கனவாக இருக்க வேண்டும் என 2009 ஏப்ரல் 27 இல் நீதிமன்றம் கட்டளையிட்டது. அந்த ஏப்ரலில் நம் வாசகர்களில் பலர் எங்கே, எந்தக் கடற்கரையில் இருந்தார்கள் என்பதை நாம் எழுத வேண்டியதில்லை. அன்று காயப்பட்ட குழந்தைகள்தாம் இன்று விரிவுரை மண்டபங்களுக்கு வந்திருக்கிறார்கள். 1952 இல் ஹந்தானை மலைச்சரிவில் எழுந்த பேராதனை வளாகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அழகுக்கு அங்கே குறைவில்லை, ஏற்றத்துக்கும் படிகளுக்கும் குறைவில்லை.

2016 பெப்ரவரியில் இலங்கை, வலுவிழந்தோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை உறுதிப்படுத்தி ஏற்றுக்கொண்டது. அதன் 24 ஆம் உறுப்புரை உயர்கல்வியைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அங்கே "நியாயமான வசதி" செய்து கொடுக்கப்பட வேண்டும் என்கிறது. ஏற்றுக்கொண்ட நாட்டில் "விதி இல்லை" என்பது முடிவான பதிலாக இருக்க முடியாது. விதி இல்லாவிட்டால் ஆக்க வேண்டியதுதான்.

நியாயமான வசதி என்றால் என்ன? இதில்தான் நம்மவர்கள் இரண்டு பக்கமும் வழுக்கி விழுகிறார்கள். கேட்டாலே சலுகை கேட்பதாக நினைக்கும் விரிவுரையாளர் ஒரு பக்கம். "பாவம், போரிலே அடிபட்ட பிள்ளை, எப்படியாவது சித்தி போட்டுவிடுங்கள்" என்று கெஞ்சும் நல்ல உள்ளங்கள் மறுபக்கம். இவர்களுள் போதகர்களும் உண்டு. இந்த இரண்டாவது வழியை நாம் முதலாவதைப் போலவே எதிர்க்கிறோம். ஒரு கையுள்ளவன் அறுத்த நெல்லை எந்த வியாபாரியும் கூட்டி அளப்பதில்லை, குறைத்தும் அளப்பதில்லை. புசல் புசல்தான். இரக்கத்தில் போட்ட சித்தியோடு வேலை தேடிப் போகிற பிள்ளைக்கு அந்த இரக்கமே முதற் தடையாகும். அதன்பின் உண்மையாகச் சித்தியடைந்து வருகிற வலுவிழந்த பிள்ளையையும் சந்தேகக் கண்ணோடு பார்ப்பார்கள்.

நாம் கேட்பது வேறு. ஒரு பரீட்சை எதை அளக்க வந்தது, எது வெறும் வழக்கம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அந்தக் கணினிப் பரீட்சை, பிள்ளைக்குக் கணினி தெரியுமா என்று அறியவா, இரண்டு கைகள் இருக்கின்றனவா என்று அறியவா? கேட்கும் திறன் இழந்த மாணவிக்கு ஆங்கிலப் பரீட்சையில் "கேட்டல்" பகுதி எதை அளக்கும்? பல பீடங்கள் 80 வீத வரவைக் கேட்கின்றன. வளரும் வயதில் செயற்கைக் கால் அடிக்கடி பொருந்தாமற் போகும்; அதைத் திருத்த யாழ்ப்பாணத்துக்கோ வேறெங்கோ போய் நாட்கணக்கில் தங்க வேண்டும். அந்த நாட்களை சோம்பேறித்தனத்தோடு ஒன்றாகக் கூட்டலாமா? எல்லாவற்றுக்கும் விடை இலேசு என்று நாம் சொல்லவில்லை. இரசாயனம் படிக்கிறவருக்கு அமிலத்தை அளந்து கையாளத் தெரிய வேண்டும் என்று பீடம் கருதினால் அது நியாயமே. ஆனால் கை நடுங்கும் மாணவர் தாமே ஊற்றித்தான் ஆகவேண்டுமா, அவர் சொல்லச் சொல்ல உதவியாளர் ஊற்றினால் போதாதா என்பதைப் பேராசிரியர்கள் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

அயல்நாட்டில் இந்த யோசனையை நீதிமன்றமே செய்ய வைத்தது. எழுதத் தொடங்கினால் விரல்கள் இறுகிப்போகும் நோயுள்ள விகாஷ் குமார் என்ற வைத்தியப் பட்டதாரி, இந்தியக் குடிமைப் பணிப் பரீட்சைக்குத் தாம் சொல்வதை எழுத ஓர் உதவியாளரைக் கேட்டார். அந்த வசதிக்குரியோர் பட்டியலில் அவருடைய நோய் இல்லையென்று மறுத்தார்கள். 2021 பெப்ரவரி 11 இல் இந்திய உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்த்தது. வலுவிழப்பு இத்தனை வீதம் இருந்தால்தான் வசதி என்ற எண்ணத்தை அது ஏற்கவில்லை. இது நமக்கு முக்கியமானது. நம் பிள்ளைகளிற் சிலருக்குக் கையும் காலும் முழுமையாக இருக்கின்றன. தலைக்குள் இரும்புத்துண்டு இருக்கிறது, அல்லது குண்டுச் சத்தத்தில் ஒரு காது போயிருக்கிறது. வெளிப்பார்வைக்குத் தெரியாததால் "நடிக்கிறான்" என்ற பேச்சைக் கேட்கிறார்கள்.

அமெரிக்காவின் பொஸ்டன் பல்கலைக்கழகத்திலே வழக்கு இன்னும் நேரடியாகப் பட்டத் தேவை பற்றியது. வாசிப்பதில் பிறவித் தடையுள்ள மாணவர்கள், கட்டாய அந்நியமொழிப் பாடத்துக்குப் பதிலாக வேறொரு பாடம் எடுக்க அனுமதி கேட்டார்கள். 1995 இல் அங்கு உயர் பதவியிலிருந்த ஜோன் வெஸ்ட்லிங் என்பவர் மேடையிலே ஒரு மாணவியின் கதையைச் சொன்னார்: வகுப்பில் தூங்கி விழுவாளாம், தூங்கும் நேரத்துப் பாடத்தைக் குறித்துத் தரவும் வேண்டுமாம்! அப்படி ஒரு மாணவியே இல்லை, தமது கற்பனைதான் என்று பின்னர் அவரே ஒப்புக்கொண்டார். 1997 இல் நீதிபதி, மொழிப் பாடத்தை நீக்கும்படி சொல்லவில்லை. கற்பனை மாணவியை வைத்து முடிவெடுக்காமல், ஆசிரியர் குழுவொன்று முறையாக ஆராய்ந்து காரணத்தோடு முடிவு சொல்லட்டும் என்றார். குழு ஆராய்ந்து, மொழிப் பாடம் அந்தப் பட்டத்துக்கு இன்றியமையாதது என்றது. 1998 இல் நீதிமன்றம் அதை ஏற்றது. மாணவர் அந்தக் கோரிக்கையில் தோற்றார்கள்தான். ஆயினும் அவர்களைக் கேட்டு, ஆராய்ந்து, காரணம் சொல்லித்தான் மறுக்க முடிந்தது.

வேதாகமத்தில் மேவிபோசேத்தின் கதையை நம் குடும்பங்கள் அறியும். சவுலும் யோனத்தானும் மடிந்த செய்தி கேட்டுத் தாதி தூக்கிக்கொண்டு ஓடும்போது ஐந்து வயதுக் குழந்தை விழுந்து இரு கால்களும் முடமாயின. இடம்பெயர்ந்த ஓட்டத்தில் வந்த ஊனம் அது. தாவீது பின்னர் பாட்டனின் காணிகளைத் திருப்பிக் கொடுத்துத் தன் பந்தியிலும் இருத்தினார். பிரசங்கங்கள் பெரும்பாலும் அத்தோடு முடிந்துவிடும். கதை முடியவில்லை. அப்சலோமின் கலகத்தில் தாவீது ஓடியபோது மேவிபோசேத் கூடப் போகவில்லை. அதை வேலைக்காரன் சீபா துரோகமாகத் திரித்துச் சொன்னான். இவரைக் கேட்காமலே தாவீது காணி முழுவதையும் சீபாவுக்குக் கொடுத்துவிட்டார். உண்மை என்னவென்றால், முடவனானபடியால் கழுதைமேல் சேணம் வைத்து ஏறிப்போக இருந்தவரை வேலைக்காரன் ஏமாற்றிவிட்டான். ஒரு சேணம்! பந்தியிலே இடம் கொடுத்த நல்ல அரசனுக்கே அது தோன்றவில்லை.

திருச்சபையாகிய நாமும் பெருமைப்பட முடியாது. செவிப்புலன், விழிப்புலன் இழந்தோருக்காக மேரி சப்மன் அம்மையார் 1912 இல் பாடசாலை தொடங்கியதைச் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் நெடுங்காலம் பாய் இழைத்தலுக்கும் தையலுக்கும் அப்பால் இவர்களைப் பற்றி நாம் நினைக்கவில்லை. நம் ஆலயங்கள் பலவற்றின் வாசற்படிகளை எண்ணிப் பாருங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கடைசி ஆண்டு வரை பொறுக்காதீர்கள். பிள்ளை அனுமதி பெற்ற முதல் மாதத்திலேயே, வைத்திய அத்தாட்சிப் பத்திரத்தோடு, இன்ன பரீட்சைக்கு இன்ன வசதி என்று எழுதிப் பீடாதிபதிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிப் பிரதியை வைத்திருங்கள். தமிழில் எழுதலாம், அது உங்கள் உரிமை. வாய்ச்சொல்லாக மறுத்தால், எந்த விதியின்கீழ் என்று 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானிக்க வேண்டும். அநீதி என்று கண்டால் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் இலவசமாக முறையிடலாம், கண்டியிலும் அதற்கு அலுவலகம் உண்டு. ஒரு மாதம் கடக்கவிடாதீர்கள். அடிப்படை உரிமை வழக்குக்குக் கால எல்லை அவ்வளவு குறுகியது.

அன்று அந்தத் தகப்பனாரோடு விறாந்தையில் இருந்து கடிதத்தை எழுதினோம். பரீட்சையிலிருந்து விலக்குக் கேட்கவில்லை. அதே வினாத்தாள், அதே புள்ளி எல்லை, மேலும் முப்பது நிமிடம். மகனோடு தொலைபேசியில் பேசி, அவன் சரி என்ற பிறகே அனுப்பினோம். அடுத்த தவணைப் பரீட்சைக்குத் திகதி குறித்துவிட்டார்கள். கடிதத்துக்குப் பதில் இன்னும் வரவில்லை. வந்ததும் வாசகர்களுக்கு அறியத் தருவோம்.